கை மாறிய பட்டைகள்

ஜனனியின் மணிக்கட்டில் எழுபத்து நான்கு என்று காட்டியது. தாரிகா அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போலக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு மாதக் குழந்தை அவளுடைய சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து வாய்க்குள் திணிக்கத் தொடங்கியது.

"காலையில இருந்து இறங்கவே இல்லீங்க்கா," என்றான் ஜனனியின் கணவன் மிதுன். பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. நிறத்தில் இம்மி வேறுபாடு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று அவனுக்குப் பெயர். இப்போது அந்தக் கண் இரண்டும் மனைவியின் மணிக்கட்டில்தான் இருந்தன.

அந்த எண் என்ன என்று ஈரோட்டில் தெரியாதவர்கள் கிடையாது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் அணியும் ரப்பர் பட்டை அது. நாடித்துடிப்பு, வியர்வை, உறக்கம், குரலின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த சில நாட்களில் மனம் சரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று நூற்றுக்குக் கணக்கிட்டுச் சொல்லும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. எழுபதைத் தாண்டினால் சிவப்பு. இரண்டு நாட்கள் ஒரு முறைகூட எழுபதுக்குக் கீழே இறங்காமல் இருந்தால், மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஆய்வு மையத்திலிருந்து வண்டி வந்துவிடும். பதினான்கு நாள் கண்காணிப்பு வார்டு. அணிபவரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பட்டை மாட்டிக்கொண்ட அன்று போட்ட கையெழுத்தே அதற்கும் போதும்.

வார்டுக்குள் குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. ஜனனி இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிரசவம் முடிந்த ஆறாவது வாரத்தில்தான் அவளுக்கு எல்லாம் தொடங்கியது. குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொன்னாள். ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். மாத்திரைகள் வேலை செய்து அவள் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தபோது மையம் தாரிகாவை அனுப்பியது. தாரிகா டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. அனுபவத் துணையாளர். இதே நோயில் விழுந்து எழுந்தவள். அப்படிப்பட்ட பதினான்கு பேரை மையம் வேலைக்கு வைத்திருந்தது. நோயிலிருந்து மீண்டவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினால் நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பதுதான் ஆய்வு.

தாரிகா தன் கதையை முதல் நாளே சொல்லிவிட்டாள். பதினோரு வருடங்களுக்கு முன் மகன் ஆதிரன் பிறந்து இருபதாம் நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பால் வற்றிவிட்டிருந்தது. குழந்தை அவளைப் பார்த்து அழுதது. அவளுடைய கணவன் அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் எல்லோரிடமும் சொல்வாள். "அந்தப் பதினாலு நாள் உனக்கு வராது. நான் பாத்துக்கறேன்," என்று ஜனனியின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

இன்றும் அதைத்தான் செய்தாள். மிதுன் காப்பி போட உள்ளே போனதும் தன் மணிக்கட்டை நீட்டினாள். அதில் இருபத்தொன்று என்று இருந்தது. துணையாளர்களும் பட்டை அணிய வேண்டும் என்பது மையத்தின் விதி.

"மாத்திக்கலாம், குடு."

பட்டை மாற்றுவது பதினான்கு பேருக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது. முதல் மாதத்திலேயே தொடங்கிய பழக்கம் அது. பவானியில் ஒரு நோயாளி எண்ணையே பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய துணையாளர் தன் பட்டையைக் கழற்றி, டீ குடிக்கிற வரைக்கும் இதைப் போட்டுக்குங்க, உங்க கைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க என்று கொடுத்தார். அந்த மனிதர் புதிய பட்டையைப் பார்க்கவே இல்லை. தன் எண் தன் கையில் இல்லை என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. முதல் முறையாக வாய் திறந்து பேசினார். யார் கை என்று அடையாளம் காணாதபடிதான் பட்டையைச் செய்திருந்தார்கள், தனியுரிமைக்காக. ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? வாட்சைக் கழற்றிக் கொடுப்பது மாதிரிதானே. ஒருவர் சொல்லி ஒருவர் என்று எல்லோரும் செய்யத் தொடங்கினார்கள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. துணையாளரின் கையில் நோயாளியின் பட்டை நாற்பதுக்குக் கீழே இறங்கும். இரண்டு நாள் தொடர் அறுந்துவிடும். வண்டி வராது.

அந்த ஒரு மணி நேரத்தில் ஜனனி அழுதாள். தாய்ப்பாலில் நஞ்சு இருப்பதுபோல் நேற்றும் ஒரு நிமிடம் தோன்றியது என்றாள். தாரிகா தலையசைத்தாள். எனக்கு ஊதுபத்திப் புகையில இருக்கிற மாதிரி தோணும், வீட்ல ஒரு மாசம் சாமி கும்பிடவே விடல என்றாள். ஜனனி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மையத்தின் இயக்குநர் டாக்டர் ரேணுகாதேவி தாரிகாவை அழைத்தார். அறையில் புள்ளிவிவரம் பார்க்கும் மகிழ்நனும் இருந்தார். கம்ப்யூட்டருக்குத் தாலி கட்டியவர் என்று மையத்தில் அவரைக் கேலி செய்வார்கள்.

டாக்டர் கோபக்காரர் இல்லை. நோயாளிகளின் பிள்ளைகள் பெயர்களைக்கூட நினைவில் வைத்திருப்பவர். அதனால்தான் அவர் சொன்னது தாரிகாவுக்கு இன்னும் கடினமாக இருந்தது. ஆய்வின் முடிவுகள் மிக நன்றாக வந்திருக்கின்றன, துணையாளர் வந்த ஒரு மணி நேரத்தில் நோயாளிகளின் எண் பாதியாகக் குறைகிறது, பட்டையையும் வண்டியையும் மாநிலம் முழுவதும் கொண்டுபோக அரசு தயாராக இருக்கிறது என்றார். ஆனால் துணையாளர்களின் எண்களை நேற்றுதான் பிரித்துப் பார்த்தார்களாம்.

"உங்களோடது நேத்து எம்பத்து ரெண்டுக்குப் போயிருக்கு, தாரிகா. ஜனனி வீட்டுக்குப் போற ஒவ்வொரு தடவையும் போகுது. உங்களுக்கு மட்டும் இல்ல, பதினாலு பேருக்கும் இப்படித்தான். நோயாளிங்களோட பாரத்தையெல்லாம் நீங்க வாங்கிக்கறீங்க. உங்களை மறுபடியும் நோயில தள்ளிட்டு நாங்க ஆய்வு நடத்தக் கூடாது. நாளையில இருந்து பதினாலு பேரும் வீடுகளுக்குப் போக வேண்டாம்."

தாரிகாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் பட்டையில் ஏறிய எண்பத்து இரண்டு ஜனனியுடையது. ஜனனியின் பட்டையில் இறங்கிய இருபத்தொன்று அவளுடையது. இரண்டு வருட ஆய்வும் கை மாறிக் கிடந்தது.

சொல்லாமல் இருந்தால் பதினான்கு பேரும் நோயாளிகள் என்று ஓரமாக உட்கார வைக்கப்படுவார்கள். ஜனனிக்கு நாளை முதல் யாருமில்லை. சொன்னால் ஜனனியின் உண்மைக் கணக்கு வெளியே வரும். அவளுடைய எண் எத்தனை நாளாகக் கீழே இறங்காமல் இருக்கிறது என்று தாரிகாவுக்குத் தெரியும். ஒன்பது நாள். இடையிடையே அறுந்த தொடர்களெல்லாம் தாரிகாவின் கை செய்த வேலை.

மேசை மீதிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். எப்படியும் பொய்யில் நின்றுகொண்டு யாருக்கும் துணை இருக்க முடியாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னாள். பவானி டீயிலிருந்து நேற்றைய காப்பி வரைக்கும்.

டாக்டர் ரேணுகாதேவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ரெண்டு வருஷம், தாரிகா என்று மட்டும் சொன்னார். அதில் திட்டு இல்லை, வலிதான் இருந்தது.

மகிழ்நன் மட்டும் திடீரென்று உயிர் வந்தவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்படியென்றால் அந்த நேரத்து நோயாளிகளின் உண்மையான எண் தொலைந்துபோகவில்லை, துணையாளர் கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்றார். இடம் மாற்றிப் பார்த்தால் போதும். நாளைக் காலை வரை நேரம் கேட்டார்.

புதன்கிழமை காலை அவர் கண்கள் சிவந்திருந்தன, முகம் மலர்ந்திருந்தது.

"மேடம், துணையாளர் வந்தா எண் குறையுதுன்னு நாம எழுதினது தப்பு. குறையல. ஏறுது. நூத்திப் பன்னெண்டு பேர்ல எழுபது பேருக்கு அந்த ஒரு மணி நேரத்துல நல்லா ஏறுது. பேசறாங்க, அழறாங்க, ஏறுது. அந்த எழுபது பேர்ல அடுத்த மாசத்துக்குள்ள நிஜமாவே மோசமானது ஆறு பேர். யார் வந்தும் எண் அசையாம அமைதியா இருந்தவங்க நாப்பத்திரெண்டு பேர். அதுல மோசமானது பத்தொன்பது."

டாக்டர் உடனே பிடித்துக்கொண்டார். பட்டை மாற்றியதால்தானே அந்த எழுபது பேருக்கு வண்டியே போகவில்லை, வார்டுக்குப் போகாதவரை நலம் என்று எப்படிக் கணக்கில் சேர்க்க முடியும் என்று கேட்டார்.

"வார்டுக்குப் போனதை நான் எண்ணவே இல்ல. மாசா மாசம் நீங்க நேர்ல பாத்து உங்க கையால எழுதின குறிப்பைத்தான் எடுத்தேன். அதுல பட்டையோட எண்ணே கிடையாது. இது முழு நிரூபணம்னு சொல்ல மாட்டேன். ஆனா எழுபதுங்கற கோட்டை நாம தப்பான எடத்துல போட்டிருக்கோம்னு சொல்ல இது போதும்."

"பயத்துல ஏறுறதும், ஒருத்தர்கிட்ட மனசு விட்டு அழும்போது ஏறுறதும் பட்டைக்கு ஒண்ணாத்தான் தெரியுது," என்றாள் தாரிகா. "எங்களைக் கேட்டிருந்தா நாங்க முதல் மாசமே சொல்லியிருப்போம்."

டாக்டருக்கு அது புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விதி விதிதான். ஜனனியின் திருத்திய கணக்கில் ஒன்பது நாள் சிவப்பு. மென்பொருளில் ஏற்றினால் நாளை காலை பத்து மணிக்கு வண்டி தானாகக் கிளம்பிவிடும். ஏற்றாமல் மறைத்தால் அதுவும் ஒரு பொய்.

அப்போதுதான் தாரிகா ஆய்வின் சாசனத்தை எடுத்து வைத்தாள். மையம் தொடங்கியபோது, அணிபவர்களுக்கும் பங்கு உண்டு என்று காட்டுவதற்காக மூன்று பேர் கொண்ட அணிபவர் குழு ஒன்றை அமைத்திருந்தார்கள். சித்தோட்டில் பேக்கரி வைத்திருக்கும் குமரகுரு, கணித ஆசிரியை ஷபானா, தாரிகா. ஆண்டுக்கு இரண்டு முறை கூப்பிட்டு, முந்திரி பிஸ்கட் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். யாரும் படிக்காத அந்தச் சாசனத்தின் ஏழாவது விதி, ஏற்கெனவே எடுத்த தரவைப் புதிய விதத்தில் பயன்படுத்த அணிபவர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றது.

பிற்பகலில் குழு கூடியது. குமரகுரு மைதா மாவு ஒட்டிய சட்டையோடு வந்தார். ஷபானா எண்களை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, மகிழ்நனின் ஒரு கூட்டலில் பிழை கண்டுபிடித்துத் திருத்தினாள். அவர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

"இத்தன நாளு பிஸ்கட் சாப்பிட மட்டும்தான் கூப்பிட்டீங்க," என்றார் குமரகுரு. "அதுவும் எங்கட கடை பிஸ்கட் இல்ல. இன்னிக்காச்சும் ஒரு வேல குடுத்தீங்களே."

மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். திருத்திய தரவை உலகத்துக்குச் சொல்லலாம், அரசுக்கும் அனுப்பலாம், பட்டை மாற்றியதையும் மறைக்காமல் எழுதலாம். ஆனால் அதை வைத்து யார் வீட்டுக்கும் வண்டி அனுப்பக் கூடாது. எழுபது என்ற கோட்டை மறுபடி ஆராயும் வரை, சிவப்பு வந்தால் வண்டிக்குப் பதில் ஒரு டாக்டரும் ஒரு துணையாளரும் வீட்டுக்குப் போக வேண்டும். துணையாளர்கள் இனி பட்டை மாற்ற மாட்டார்கள். நோயாளி விரும்பினால் பேசுகிற நேரத்தில் பட்டையைக் கழற்றி வைக்கலாம்.

டாக்டர் ரேணுகாதேவி ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்திட்டார். மாநிலம் முழுக்கத் திட்டம் போவது தள்ளிப்போகும், தான் நிறைய பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் என்னவோ இலேசாகத்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்த தாரிகா மகன் ஆதிரனைக் காரணமில்லாமல் கட்டிப் பிடித்தாள். பதினோரு வயதுக்காரன் நெளிந்துகொண்டு விலகி ஓடினான். பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பதினான்கு நாளை ஜெயித்துவிட்டதாக அவளுக்கு இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், டாக்டரின் காரில் இருவரும் சூரம்பட்டியில் ஜனனி குடியிருந்த மாடி வீட்டுக்குப் போனார்கள். விஷயத்தை நேரில் சொல்ல வேண்டும் என்று தாரிகா போனில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முந்தைய இரண்டு நாளும் அவள் வரவில்லை. பட்டையில் சிவப்பு இறங்கவும் இல்லை. ஜனனி வீட்டின் கணக்கில் இன்று பத்து மணிக்கு வண்டி வர வேண்டும்.

மிதுன் கதவைத் திறந்தான். சவரம் செய்யாத முகம். அவனுக்குப் பின்னால் ஜனனி தலை வாரி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலியில் ஒரு துணிப்பை தயாராக இருந்தது.

"வண்டி வராது, ஜனனி," என்றாள் தாரிகா. படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. "நிறுத்தியாச்சு. உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். நீ எங்கயும் போக வேண்டாம்."

மிதுன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். ஜனனி மட்டும் அசையவில்லை.

"ஏங்க்கா நிறுத்துனீங்க?"

தாரிகா தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று பார்த்தாள்.

"நான் போகலாமுன்னு இருந்தனுங்க்கா," என்றாள் ஜனனி. "எட்டு மாசமா நான் தூங்கல. கண்ண மூடுனா இவரு என்ற கையப் புடிச்சு நம்பர் பாக்கறாரு. என்ற மூஞ்சியப் பாத்து மூணு மாசம் இருக்கும். பாப்பா அழுதாச் சத்தம் ரெண்டாக் கேக்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க்கா. அது நெசமான பயம்."

"எங்கிட்ட சொல்லலையே நீ," என்றாள் தாரிகா. குரல் இறங்கிவிட்டது.

"எப்படிச் சொல்றது? உங்க பையன் உங்களப் பாத்து அழுத கதையச் சொன்னீங்க. அந்தப் பதினாலு நாள் உனக்கு வராதுன்னு கையப் புடிச்சு சத்தியம் பண்ணீங்க. அதுக்கு மேல நான் போகோணும்னு சொன்னா உங்களுக்கு வலிக்குமேன்னு விட்டுட்டனுங்க."

கீழே தெருவில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான். தாரிகா நாற்காலியிலிருந்த துணிப்பையை நகர்த்திவிட்டு மெல்ல உட்கார்ந்தாள். எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று நேற்று டாக்டரிடம் எவ்வளவு நிமிர்ந்து சொன்னாள். பட்டை கேட்கவில்லை, மையம் கேட்கவில்லை, சரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்த வீட்டில் காப்பி குடித்தவள்? அவளும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் இந்த வீட்டில் அவள் தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தில் உட்கார்ந்துகொள்ள இது நேரமில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. அழுதால் இந்தப் பெண் மறுபடி தனக்கு ஆறுதல் சொல்லக் கிளம்பிவிடுவாள்.

"தப்பு என்னோடது, ஜனனி. இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

ஜனனி யோசிக்கவே இல்லை. நெடுநாளாக மனதில் எழுதி வைத்திருந்ததைப் படிப்பவள்போலச் சொன்னாள். பாப்பா அவளோடு இருக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அவள் தூங்க வேண்டும். பட்டை வேண்டாம், டாக்டர் நேரில் வந்து பார்க்கட்டும். தெளிவாயிட்டேன் என்று அவளுக்கும் தோன்றி, டாக்டருக்கும் தோன்றினால் அன்றைக்கே வீடு. அது நான்கு நாளானாலும் சரி, இருபது நாளானாலும் சரி.

டாக்டர் ரேணுகாதேவி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். குழந்தையை வார்டில் சேர்க்க விதி இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், தாரிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மையத்துல ரெண்டாவது மாடியில என் ஓய்வறை சும்மாதான் கிடக்குது, இன்னிக்கு அங்க இருங்க, விதியை நாளைக்குப் பாத்துக்கலாம் என்றார்.

"இவரு?" என்று மிதுனைக் காட்டிக் கேட்டார்.

"வரட்டுமுங்க," என்றாள் ஜனனி. "வந்தா என்ற மூஞ்சியப் பாத்துப் பேசோணும். அது ஒண்ணுதான்."

மிதுன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். பழக்கத்தில் கண் கீழே போனது. பட்டையின் கொக்கியை விரலால் தட்டிக் கழற்றி, எண்ணைப் பார்க்காமலேயே டாக்டரிடம் நீட்டினான். பிறகு நிமிர்ந்தான். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருப்பா என்று மட்டும் கேட்டான். எட்டு மாசக் கருப்புங்க என்றாள் அவள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. எந்தப் பட்டையும் அதை அளக்கவில்லை.

கீழே காரின் கதவை மிதுன் திறந்து பிடிக்க, ஜனனி குழந்தையோடு ஏறி உட்கார்ந்தாள். தாரிகாவின் கால் தானாக மறுபக்கக் கதவை நோக்கி நகர்ந்தது. நின்றாள். ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"நான் வரட்டுமா?"

ஜனனி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடியில் குழந்தை கண் செருகிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வாங்க்கா," என்றாள். "இன்னிக்கு நான் தூங்கறேன்."